துளசிமணி பேசிய பெட்ரோல்

கோயமுத்தூர் சத்தி ரோட்டை ஒட்டி, லேத்துப் பட்டறைகளும் மோட்டார் வைண்டிங் கடைகளும் நடுவில் ஒரே ஒரு பேக்கரியும் இருக்கிற குப்பாண்டி லேஅவுட் மூன்றாவது வீதியில், கார்களுக்கு டியூனிங் செய்து பேர் வாங்கியிருந்த தெய்வசிகாமணி, மனைவி இறந்த பதினேழாம் நாள் காலையில், காரியத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்க வழிவிடலாம் என்று ஷெட்டில் நின்ற தன் பச்சைக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை உறுமி நிதானத்துக்கு வந்ததும், யாரும் இல்லாத பக்கத்து சீட்டிலிருந்து துளசிமணியின் குரல், "ஏனுங்க, இந்த பெல்ட்டு என்னைய நெரிக்குதுங்க" என்றது.

அவர் பயப்படவில்லை. காரில் நடக்கிற எதற்கும் காரணம் காற்று, தீப்பொறி, பெட்ரோல் இந்த மூன்றில் ஒன்றுதான் என்று முப்பது வருடமாக ஊருக்கே சொல்லி வந்த மனிதர் அவர். காற்றும் பொறியும் என்றைக்கும் போலத்தான் இருந்தன, ஆகவே இது பெட்ரோலின் வேலை என்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்தார். மாசி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்து அந்த எஞ்சினை அவர் நினைத்த பதத்துக்குக் கொண்டுவந்த அன்று, பெட்ரோல் பங்கில் இருப்பதிலேயே உசத்தியான நூறு ஆக்டேன் பெட்ரோலை வாய் வரைக்கும் நிரப்பி, மருதமலை ஏற்றத்தில் நாக்கிங் அடிக்கிறதா, எஞ்சினுக்குள் தட்டல் கேட்கிறதா என்று பார்க்கக் கிளம்பியவர், ஆள் பாரம் இருந்தால்தான் எஞ்சினின் குறை தெரியும் என்பதற்காகத் துளசிமணியையும் ஏற்றிக்கொண்டு போனார். பாரத்துக்காகத்தான் கூப்பிட்டார், ஆனால் அவள் அதைக் கோயிலுக்குப் போவதாக எடுத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டி வந்தாள். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து, அடுப்படியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றைய பயணத்தில் அவள் பேசியதெல்லாம் அந்த டேங்கில் இருந்த பெட்ரோலில் கரைந்து நின்றுவிட்டது, வேறொன்றும் இல்லை.

பெல்ட்டைப் பற்றிச் சொன்ன குரல் அதோடு நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஜனங்கள் உட்காருகிற பெஞ்சில் ஒரு மாடு தலைவைத்துப் படுத்திருந்ததைச் சொல்லிச் சிரித்தது, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஏதோ ஒரு பாட்டை வார்த்தை இல்லாமல் முனகியது, கொள்ளுப் பருப்புக்குப் பூண்டைத் தட்டிப் போட வேண்டுமே தவிர நறுக்கிப் போடக்கூடாது என்றது, வலது முழங்கால் படி ஏறும்போது மட்டும் பிடிக்கிறது என்றது, அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நம்ம அம்சாவப் பாத்து எத்தன வருசமாச்சுங்க, அவகிட்ட" என்று தொடங்கியது. அந்த இடத்தில் தெய்வசிகாமணியின் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டது.

பெட்ரோல் வீணாகிறதே என்று நிறுத்தியதாகத்தான் அவர் அன்றைக்கும் அதற்குப் பிறகும் எல்லோரிடமும் சொன்னார்.

சத்தம் கேட்டு எதிர் வைண்டிங் கடையிலிருந்து ஓடி வந்த செபாஸ்டின், ஜன்னலோரம் செல்போனை நீட்டிப் பிடித்துப் பாதியிலிருந்து பதிவும் செய்திருந்தான். போட்டுப் பார்த்ததில் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது. அவனும் ஆச்சரியப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தன லிட்டருங்கண்ணா மிச்சம் இருக்குது?" என்பதுதான்.

"முப்பத்தாறு."

"அப்ப பரவால்லீங்" என்றான் செபாஸ்டின்.

வீதியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அது எப்படி முடியும் என்று யாரும் கேட்கவில்லை, அதை எப்படிப் பாதுகாப்பது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். டேங்க் சூடாகக் கூடாது என்று லேத்துப் பட்டறைக்காரர்கள் ஷெட்டின் தகரக் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினார்கள். பேக்கரிக்காரர் குருநாதன் சாக்குகளை நனைத்துக் காரின் பின்பக்கம் போர்த்தும் வேலையைத் தானாக ஏற்றுக்கொண்டு, பன்னுக்கு மாவு பிசைவதற்கு முன்னால் அதைச் செய்துவிட்டுத்தான் கடை திறந்தார். ஆட்டோக்காரர்கள் வீதி முனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீதி நலச்சங்கம் கூடி, அந்த வருடத் தீபாவளிக்கு மூன்றாவது வீதியில் புஸ்வாணம் தவிர எதுவும் கொளுத்துவதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டு, பிறகு யாரோ நினைவுபடுத்தவே புஸ்வாணத்தையும் நீக்கியது. சிலர் மகள் கல்யாணத்தன்றும் மகன் பாஸான அன்றும் தங்கள் வண்டிகளில் பெட்ரோல் நிரப்பிப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். அதெல்லாம் வெறும் பெட்ரோலாகவே இருந்தது, ஒரு மாதம் பார்த்துவிட்டு ஓட்டித் தீர்த்துக்கொண்டார்கள்.

தெய்வசிகாமணிக்கு ஒரே மகள், நித்திலா, அயர்லாந்தில் நர்ஸ் வேலையில் இருந்தாள். தாய் இறந்தபோது அவளுக்கு ஏழு மாதம், விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தாய் முகத்தைச் செல்போனில்தான் பார்த்தாள். பெட்ரோல் விஷயத்தைக் கேட்டதும் அவள் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு, "எனக்காக வெக்காதீங்கப்பா. நான் எப்ப வருவனோ. நீங்க தெனமும் போட்டுக் கேளுங்க, உங்களுக்குத்தான வேணும்" என்றாள்.

"நீ வா கண்ணு. நீ வந்து கேட்டாத்தான் அதுக்கு மருவாதி" என்றார் அவர்.

அவரும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஒரு முறை கேட்டு முடிக்க அரை லிட்டர் போகும், ஒரு குவளை மோரில் உள்ள உப்புத்தான் ஒரு பானை மோரிலும் இருப்பதுபோல டேங்கின் எந்தச் சொட்டிலும் முழுப் பயணமும் இருக்கும், ஆக முப்பத்தாறு லிட்டருக்கு எழுபத்திரண்டு முறை. நித்திலா வரும்போது ஒரு முறை, பேரப் பிள்ளைக்குக் காது குத்தும்போது ஒரு முறை, பள்ளிக்கூடம் சேர்க்கும்போது, பெரியதாகும்போது, கல்யாணத்தின்போது என்று அவர் தானும் இருக்கப்போகாத நாட்களுக்கெல்லாம் துளசிமணியைப் பங்கு பிரித்து வைத்தார். இன்றைக்கு என்று ஒரு முறையைக்கூட ஒதுக்காமல் விட்டதுதான் அந்தக் கணக்கில் இருந்த கோளாறு. பேட்டரி வயரைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பங்குனி பாதியில் அன்னூரிலிருந்து அம்சவேணி வந்தாள். துளசிமணியின் தங்கை அவள், பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நித்திலாவின் பூப்பு நன்னீராட்டு விழாவுக்குத் துளசிமணி தங்கை வீட்டுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், அந்தப் பக்கம் போகிற ஒரு உறவுக்காரரிடம் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள், கூடப்பிறந்தவளுக்கு ஆள் மூலமா அழைப்பு என்று அம்சவேணி வரவில்லை, வராதவள் வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று இவளும் போகவில்லை. சாவுக்கு வந்த அம்சவேணி ஒரு மூலையில் நின்றுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போயிருந்தாள். இப்போது ஷெட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, காருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நின்றாள்.

"மச்சானுங்க, அக்கா எம் பேரச் சொன்னாளாமுங்களே."

"சொன்னா அம்மிணி. 'அம்சாவப் பாத்து எத்தன வருசமாச்சுங்க, அவகிட்ட'ன்னு ஆரம்பிச்சா. அதோட நிறுத்திப்போட்டேன்."

"அவகிட்ட என்னன்னுங்க?"

"அத நித்திலா வந்தாத்தான் தெரியும்."

அம்சவேணி அவர் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு நீங்க பக்கத்துலதானுங்களே இருந்தீங்க. அவ பேசுனது உங்களுக்கு நெனப்பில்லீங்களா?"

தெய்வசிகாமணிக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் அவரே தன்னிடம் நூறு முறை கேட்டிருந்தார். அன்றைக்கு அவருடைய இரண்டு காதும் எஞ்சினில் இருந்தன. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது டக்கென்று ஒரு தட்டல் வருமா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, துளசிமணியின் பேச்சு பக்கத்து வீட்டு ரேடியோபோல வந்து போனது. மாட்டைப் பார்த்து அவள் சிரித்ததையே இப்போது காரில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். இதை அம்சவேணியிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை இரண்டு பேரும் சேர்ந்து அன்றைக்கே சாவியைத் திருப்பியிருப்பார்கள், என்ன செய்வது, அவர் சொல்லவில்லை.

"எல்லாருமா ஒண்ணாக் கேக்கலாம் அம்மிணி. நித்திலா வரட்டும்."

"அரை லிட்டருதானுங்க."

"அரை அரையாத்தான எல்லாம் தீருது" என்றார் அவர், கொஞ்சம் கடுப்பாகவே.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அன்னூர் பஸ்ஸில் வந்து இறங்கி, பேக்கரியில் ஒரு பிளாஸ்டிக் சேரை வாங்கி ஷெட்டுக்கு முன்னால் போட்டுக்கொண்டு பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்துவிட்டுப் போவது அம்சவேணிக்கு வழக்கமானது.

சித்திரை வெயிலில்தான் முதல் சிரிப்பு வெளியே வந்தது. சாக்கை எத்தனை தடவை நனைத்தாலும் மதியத்தில் டேங்க் சூடாகிப் பெருமூச்சு விட்டது, அந்த மூச்சோடு துளசிமணியின் சிரிப்பும் மூடியின் இடுக்கு வழியாகக் கிளம்பி வீதியில் நடந்து போனது. பெட்ரோலில் லேசாக இருப்பது முதலில் பறக்கும் என்பது தெய்வசிகாமணிக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டரை மணிச் சிரிப்பு என்று அதற்குப் பேர் வைத்து, லேத்துப் பட்டறைக்காரர்கள் மணி பார்க்காமல் அதைக் கேட்டுச் சாப்பிடக் கை கழுவினார்கள். சிரிப்புத் தீர்ந்ததும் முனகல் பாட்டு வந்தது, வைகாசி முழுக்க அந்த வீதியில் ஆட்டோக்காரர்களும் வைண்டிங் கடைப் பெண்களும் வார்த்தை இல்லாத அந்த மெட்டைத் தங்களுக்கே தெரியாமல் முனகிக்கொண்டு திரிந்தார்கள். அதற்கப்புறம் பெல்ட்டுப் பேச்சு, பஸ் ஸ்டாப்பு மாடு, பிறகு கொள்ளுப் பருப்பு. குருநாதனின் சம்சாரம் பூண்டைத் தட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் நறுக்கிப் போட்டு வாழ்க்கையை வீணாக்கியதாக வருத்தப்பட்டாள்.

இப்படி ஊரெல்லாம் துளசிமணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தீர்த்தது, அவளுடைய புருஷன் ஒருவர்தான் அவளைச் சேமித்துக்கொண்டிருந்தார்.

செபாஸ்டினுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். "அண்ணா, மூணு மாசத்துக்கு மேல டேங்கில பெட்ரோல வெக்காதீங்க, கெட்டுப்போயிரும்னு கஸ்டமருக எல்லாத்தையும் வையறது நீங்கதானுங்க. இன்னைக்கே போட்டுக் கேட்டுருங்க. அந்த அம்மாவும் வெள்ளிக்கு வெள்ளி வந்து உக்காந்துட்டுப் போகுது."

"அது சாதாப் பெட்ரோலுக்குச் சொன்னது. இது நூறு ஆக்டேன்."

"நூறா இருந்தா மட்டும் கெடாதுங்களா?"

"எந்த வண்டியில நிக்குதுன்னு பாரு. நான் கட்டுன எஞ்சினு" என்றார் தெய்வசிகாமணி.

இதைவிடப் பெரிய தப்பை அவர் தொழிலில் யாரும் சொல்ல முடியாது, அது அவருக்கே தெரியும். சாதாரண எஞ்சினாவது கெட்ட பெட்ரோலை முக்கி முனகிக் குடித்துக்கொள்ளும். நூறுக்கு என்று இழுத்துக் கட்டிய எஞ்சின், நூறு தொண்ணூற்றைந்தாக இறங்கினாலே தட்ட ஆரம்பித்துவிடும். உசத்தியான சரக்கை உசத்தியான வண்டியில் வைத்தால் உசத்தியாகவே இருக்கும் என்கிற எண்ணம் பணக்காரக் கஸ்டமர்களுக்கு வரும்போதெல்லாம் அவர் சிரித்திருக்கிறார். தன் வீட்டு விஷயம் என்று வந்தபோது அவரும் அதைத்தான் நம்பினார், நம்ப விரும்பினார் என்று சொல்வதுதான் சரி. அதனாலேயே தினமும் காலையில் மூடியைத் திறந்து, கெட்டிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போனது.

ஆடிக் காற்று வந்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கூரைக் கீற்றையெல்லாம் பிய்த்தெறிந்த அந்தக் காற்றில் முழங்கால் வலியும் போய்ச் சேர்ந்தது. புரட்டாசியில் மதியங்கள் சும்மா இருந்தன. அம்சவேணி மட்டும் நம்பிக்கையோடு இருந்தாள். வந்ததெல்லாம் லேசான பேச்சு, தன்னைப் பற்றியது கனமான பேச்சு, அது அடியில்தான் கிடக்கும் என்று அவளாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தீபாவளி சத்தமில்லாமல் போனது. கார்த்திகையில் ஒரு காலை மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாசம் இல்லை, பழைய வார்னிஷ் வாசம்தான் வந்தது. தெய்வசிகாமணி மூடியை மூடிவிட்டு யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் போனார், அன்று முழுக்க ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தை இரண்டாம் வாரம் நித்திலா ஒன்பது மாதப் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை, குழந்தையைக் குருநாதனின் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு, அம்சவேணியும் வந்து சேர்ந்த பிறகு, மூன்று பேரும் காரில் ஏறினார்கள். அம்மா உட்கார்ந்த இடத்தில் நித்திலா, பின்னால் அம்சவேணி. வீதி முழுக்க வேலையை நிறுத்திவிட்டு லேத்துகளை அணைத்துவிட்டு நின்றது. டேங்கை எட்டிப் பார்த்த செபாஸ்டின் மட்டும் தள்ளிப் போய் நின்றான். உள்ளே இருந்தது டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

ஐந்தாவது தடவைதான் எஞ்சின் பிடித்தது. பிடித்த உடனேயே தட்ட ஆரம்பித்தது, யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல டக் டக் என்று. தெய்வசிகாமணியின் முகம் சுருங்கியது, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டில் பெல்ட்டைப் பற்றிய பேச்சு வரவேண்டிய நேரம் கடந்தது, சிரிப்பு வரவேண்டிய நேரம் கடந்தது, பாட்டும் பருப்பும் வரவேண்டிய நேரங்கள் வெறும் தட்டலாகக் கடந்தன. நித்திலா கைகளை மடியில் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தாள்.

அப்போது, மார்கழியில் உறைந்த தேங்காயெண்ணெயைப் போலக் கெட்டியாக, இழுத்து இழுத்து, துளசிமணி என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு குரல் வந்தது. "நம்ம அம்சாவப் பாத்து எத்தன வருசமாச்சுங்க. அவகிட்ட..."

பின் சீட்டிலிருந்து அம்சவேணி முன்னால் சாய்ந்து சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கம்முன்னு வா" என்றது இன்னொரு குரல். அது ஆண் குரல், துளியும் கெடாமல், நிரப்பிய அன்று இருந்தபடியே சுத்தமாக இருந்தது. "எஞ்சின் சத்தம் கேக்கோணும்."

அது தன் குரல்தான் என்று தெய்வசிகாமணிக்குப் புரியச் சற்று நேரமானது. அப்படிச் சொன்னதே அவருக்கு நினைவில்லை, அதில் கோபம்கூட இல்லை, எத்தனையோ வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு வார்த்தையைச் சொல்வதுபோலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு பக்கத்து சீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், எஞ்சின் தட்டிக்கொண்டே இருந்து, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. நித்திலா கண்ணைத் திறக்காமலே அழுதுகொண்டிருந்தாள். வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மெல்லக் கலைந்து போனார்கள்.

அம்சவேணிதான் பின் சீட்டிலிருந்து கேட்டாள். "அப்பறம் அக்கா என்னங்க சொன்னா மச்சான்?"

பதினோரு மாதமாக நினைவுக்கு வராத அந்த நாள் இப்போது முழுசாக வந்து நின்றது. மருதமலையிலிருந்து இறங்கி, வடவள்ளி தாண்டி, ஊரைக் கடந்து, குப்பாண்டி லேஅவுட் வரைக்கும் அத்தனை தூரமும் ஒரு தட்டல் இல்லை, ஒரு பிசிறு இல்லை, தன் வாழ்நாளில் கட்டிய எஞ்சின்களிலேயே இதுதான் என்று அவர் உள்ளுக்குள் பூரித்துப்போய் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"ஊடு வந்து சேர்ற வரைக்கும் எஞ்சின் சத்தம் நல்லாக் கேட்டுது, அம்மிணி."